கோப்பை யாருக்கும் இல்லை: எகிப்து பிரீமியர் லீக் 2011–12 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எகிப்து லீக்கின் சாம்பியன்களை ஆண்டுவாரியாகப் பார்த்துக்கொண்டே வருபவரின் விரல் 2011–12 என்ற வரியில் நின்றுவிடும். அதற்கு முந்தைய ஏழு வரிகளிலும் அல் அஹ்லி, அல் அஹ்லி என்றே இருக்கும். இந்த வரியில் வெறும் கோடு. அடுத்த வரியிலும் கோடுதான். முகமது சலாவைப் பின்தொடர்ந்து எகிப்துக் கால்பந்துக்குள் நுழைந்தவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

அந்த சீசனில் யார்தான் சாம்பியன்?

யாரும் இல்லை. 2011 அக்டோபரில் தொடங்கிய லீக், முதல் பாதி முடியும் முன்பே, 2012 பிப்ரவரி 1 அன்று நின்றுபோனது. மார்ச் 10 அன்று சீசன் ரத்து என்று எகிப்துக் கால்பந்துச் சங்கம் அறிவித்தது. பட்டமும் இல்லை, தரமிறக்கமும் இல்லை. போர்ட் சயீத் நகரில் அல் மஸ்ரிக்கும் அல் அஹ்லிக்கும் நடந்த ஒரே ஓர் ஆட்டத்தின் முடிவில் 74 பேர் இறந்ததுதான் காரணம்.

லீக்கில் 19 அணிகள் என்று போட்டிருக்கிறதே, அச்சுப் பிழையா?

பிழை இல்லை. அதற்கு முந்தைய 2010–11 சீசனும் நொண்டியடித்துத்தான் முடிந்தது. 2011 ஜனவரி 25 அன்று அப்போதைய அதிபர் முபாரக்குக்கு எதிரான எழுச்சி தொடங்கியதும் லீக் நிறுத்தப்பட்டது. ஏப்ரலில் மீண்டும் தொடங்கி முடித்தார்கள். அசாதாரணமான ஆண்டு என்பதால் எந்த அணியையும் கீழே இறக்குவதில்லை என்று முடிவானது. இருந்த 16 அணிகளோடு கீழ்ப்பிரிவிலிருந்து மூன்று அணிகள் ஏறி வந்தன. ஒற்றைப்படை எண்ணிக்கை என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி சும்மா உட்கார வேண்டியிருந்தது.

அல் அஹ்லியைத் தெரியும். அல் மஸ்ரி யார்? இரு தரப்புக்கும் அப்படி என்ன பகை?

அல் அஹ்லி 1907இல் கெய்ரோவில் தொடங்கப்பட்ட கிளப். சிவப்புச் சட்டை. எகிப்தின் எந்த மூலைக்குப் போனாலும் ரசிகர்கள் உண்டு. 2011இல் அவர்கள் வென்றது 36ஆவது லீக் பட்டம். அதன் நிரந்தரப் போட்டியாளர் அதே நகரின் ஜமாலெக்.

அல் மஸ்ரி, சூயஸ் கால்வாயின் வடக்கு வாயிலில் இருக்கும் போர்ட் சயீத் துறைமுகத்தின் கிளப். பச்சைச் சட்டை. 1920இல் தொடங்கியபோது அந்த ஊரில் இருந்த கிளப்புகள் பெரும்பாலும் அங்கே குடியேறிய ஐரோப்பியர்களுடையவை. அதனால்தான் 'எகிப்தியன்' என்று பொருள்படும் பெயரையே தங்கள் அணிக்கு வைத்தார்கள். ஊரின் வரலாறும் அதற்கேற்ற ரோஷமுள்ளது. 1956இல் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் படையெடுப்பின்போது தெருத்தெருவாகச் சண்டையிட்ட நகரம் அது. 1967 போருக்குப் பிறகு மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டு, வேறு ஊர்களில் அகதிகளைப்போல ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். எழுபதுகளின் நடுவில் அதிபர் சாதாத் அதைத் தீர்வையற்ற வணிக நகரமாக்கினார். வெளிநாட்டுச் சரக்கும், பொதி பொதியாக வந்திறங்கும் பழைய துணியும் ஊரின் பிழைப்பாயின.

இந்தப் பழைய துணிதான் அன்றைய ஆட்டத்தில் வந்து நின்றது. அஹ்லி ரசிகர்கள் இருந்த பகுதியில் ஒரு பதாகை உயர்ந்தது. பழைய துணி விற்கும் இந்த ஊர் ஆண்பிள்ளைகளைப் பெற்றதில்லை என்பது அதன் சாரம். அரபியில் எதுகையோடு அமைந்த வசவு. கால்பந்தில் இதைவிட மோசமான வசவுகளைத் தினமும் கேட்கலாம். ஆனால் தலைநகரத்தான் வந்து தன் பிழைப்பைக் கேலி செய்கிறான் என்று ஒரு நகரம் நினைக்கும்போது அது வெறும் மைதான வசவாகத் தங்குவதில்லை. இப்படிச் சொல்வதால் பின்னால் நடந்ததற்கு அந்தப் பதாகை நியாயம் ஆகிவிடாது.

அல்ட்ராஸ் என்கிறார்களே, அவர்கள் யார்?

ஒரே நிறச் சட்டை, பறை, பாட்டு, வாணவேடிக்கை, ஆளுயரப் பதாகை என்று தொண்ணூறு நிமிடமும் நின்றபடியே ஆடும் ரசிகர் குழுக்கள். இத்தாலியிலிருந்து வட ஆப்பிரிக்காவுக்கு வந்த வழக்கம் இது. எகிப்தில் 2007 வாக்கில் வேர்விட்டது. அஹ்லிக்கு 'அல்ட்ராஸ் அஹ்லாவி', ஜமாலெக்குக்கு 'அல்ட்ராஸ் வைட் நைட்ஸ்'. உறுப்பினர்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பையன்கள்.

முபாரக் ஆட்சியில் நான்கு பேர் கூடி நின்றாலே போலீஸ் விசாரிக்கும். அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கில் கூடி, போலீஸை நேருக்கு நேர் திட்டிப் பாடி, தடியடியையும் கண்ணீர்ப்புகையையும் வாங்கிப் பழகிய கூட்டம் இது. 2011 எழுச்சியின்போது கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்துக்கு இவர்கள் போனபோது அந்தப் பழக்கம் கைகொடுத்தது. எப்போது முன்னேறுவது, எப்போது பின்வாங்குவது, கண்ணீர்ப்புகைக் குண்டை எப்படித் திருப்பி எறிவது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிப்ரவரி 2 அன்று முபாரக் ஆதரவாளர்கள் ஒட்டகத்திலும் குதிரையிலும் சதுக்கத்துக்குள் பாய்ந்தபோது எதிர்த்து நின்றவர்களில் இவர்களும் உண்டு.

ஆட்சி மாறிய பிறகும் போலீஸோடான கணக்கு தீரவில்லை. 2011 செப்டம்பரில் அஸ்வான் நகரின் கீமா அணியோடு கெய்ரோவில் நடந்த கோப்பை ஆட்டத்தில், முபாரக்கையும் அவருடைய உள்துறை அமைச்சரையும் கேலி செய்து பாடியதைத் தொடர்ந்து போலீஸ் பாய்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். போர்ட் சயீத் பற்றிய எந்த விவாதத்திலும் இந்த இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துத்தான் பேசுவார்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கோப்பை நடக்குமே? லீக் எப்படி நடந்தது?

கூர்மையான கேள்வி. 2006, 2008, 2010 என்று மூன்று முறை தொடர்ந்து கோப்பையை வென்ற எகிப்து, 2012 போட்டிக்குத் தகுதியே பெறவில்லை. நைஜர், தென் ஆப்பிரிக்கா, சியரா லியோன் இருந்த தகுதிப் பிரிவில் கடைசி இடம். எனவே கபோனிலும் எக்குவடோரியல் கினியிலும் போட்டி நடந்துகொண்டிருக்க, எகிப்தில் லீக் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. தகுதி பெற்றிருந்தால் அந்த வாரங்களில் லீக்குக்கு விடுமுறை இருந்திருக்கும், பிப்ரவரி 1 அன்று போர்ட் சயீதில் ஆட்டமே இருந்திருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும்.

அன்று என்ன நடந்தது?

ஆட்டத்துக்கு முன்பே உள்ளூர் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கியதால் தொடக்கம் அரைமணி நேரம் தாமதமானது. இடைவேளையிலும், பிறகு மஸ்ரி கோல் போட்டபோதும் ஆட்கள் உள்ளே ஓடி வந்தார்கள். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

முதல் கோல் அஹ்லியுடையது. இரண்டாம் பாதியில் மஸ்ரி மூன்று கோல் போட்டது. 3–1. லீக்கின் பெரிய அணியைச் சொந்த ஊரில் வீழ்த்திய வெற்றி. கொண்டாட்டமாகத்தான் முடிந்திருக்க வேண்டும்.

கடைசி விசில் ஊதியதும் ஆயிரக்கணக்கானோர் மைதானத்தில் குதித்தார்கள். கையில் கம்பு, கத்தி, பாட்டில், பட்டாசு. ஒரு பகுதியினர் அஹ்லி வீரர்களைத் துரத்தினார்கள். பெரும் கூட்டம் எதிர்ப்பக்கம் இருந்த அஹ்லி ரசிகர் மாடத்தை நோக்கிப் போனது. கருப்புச் சீருடையில் வரிசையாக நின்ற கலகத் தடுப்புப் போலீஸார் நகரவில்லை. தொலைக்காட்சி நேரலையில் நாடே அதைப் பார்த்தது. மைதான விளக்குகள் அணைந்தன என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள்.

மாடத்திலிருந்து வெளியேற ஒரு சுரங்க வழி இருந்தது. அதன் முடிவில் இரும்புக் கதவு. அது பூட்டியிருந்தது. மேலிருந்து கூட்டம் இறங்கிக்கொண்டே இருக்க, கீழே கதவோடு நசுங்கி, மூச்சுத் திணறி இறந்தவர்களே அதிகம். அடிபட்டும் குத்துப்பட்டும் மாடத்திலிருந்து தள்ளப்பட்டும் இறந்தவர்களும் உண்டு. காயமடைந்தோர் ஐந்நூறுக்கும் மேல். இறந்தவர்களில் பதின்ம வயதினர் பலர்.

அஹ்லியின் உடைமாற்றும் அறை அன்றிரவு மருத்துவமனையானது. வீரர்கள் தரையில் காயமடைந்தவர்களைக் கிடத்தினார்கள். நட்சத்திர வீரர் முகமது அபூத்ரிகாவின் கண்முன்னே ஒரு ரசிகர் உயிரை விட்டார். போர்த்துகீசியப் பயிற்சியாளர் மனுவேல் ஜோசேவும் அடியும் உதையும் வாங்கினார். அணியை ராணுவ விமானத்தில் கெய்ரோவுக்குக் கொண்டுவந்தார்கள். நாட்டை அப்போது ஆண்டுகொண்டிருந்த ராணுவக் குழுவின் தலைவர் தந்தாவி நேரில் வந்து வரவேற்றார். மூன்று நாள் துக்கம் அறிவிக்கப்பட்டது.

சில இடங்களில் 74 என்றும் சில இடங்களில் 72 என்றும் இருக்கிறதே?

74 என்பது மொத்த எண்ணிக்கை. 72 என்பது அஹ்லி ரசிகர்கள் தங்கள் தியாகிகளாக நினைவுகூரும் எண்ணிக்கை. கெய்ரோச் சுவர் ஓவியங்களிலும் அஹ்லி மைதானங்களிலும் 72 என்ற எண்ணைக் கண்டால் அது யாருடைய ஜெர்சி எண் என்று தேட வேண்டாம்.

மற்ற ஆட்டங்கள் அன்று நடந்தனவா?

கெய்ரோவில் ஜமாலெக்–இஸ்மாயிலி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. செய்தி வந்ததும் இடைவேளையோடு நிறுத்தினார்கள். அந்த மைதானத்தின் ஒரு பகுதியில் தீயும் பிடித்தது. அடுத்த நாள்களில் அஹ்லியும் ஜமாலெக்கும் தோளோடு தோள் நின்று உள்துறை அமைச்சகத்தை நோக்கிப் பேரணி போனார்கள். இந்த இரு கூட்டமும் ஒரே பக்கம் நின்றது என்பதை எகிப்தியர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், அந்த வாரம் எப்படி இருந்தது என்று அவருக்கு உடனே புரியும்.

இதை 'ரசிகர் மோதல்' என்று சொல்லலாமா?

அப்படித்தான் அன்றைய உலகச் செய்திகள் பலவும் சொல்லின. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. மோதல் என்றால் இரண்டு பக்கமும் கை ஓங்க வேண்டும். இங்கே ஒரு கூட்டம் ஆயுதத்தோடு வந்தது, இன்னொரு கூட்டம் பூட்டிய கதவின் முன் நின்றது.

கேட்க வேண்டியவை வேறு. இவ்வளவு ஆயுதம் சோதனையைக் கடந்து எப்படி உள்ளே வந்தது? கதவு ஏன் பூட்டியிருந்தது? போலீஸ் ஏன் நகரவில்லை? நாடாளுமன்றம் அனுப்பிய உண்மையறியும் குழுவும் பாதுகாப்புத் துறையையும் கால்பந்துச் சங்கத்தையும் குறை சொன்னது. அஹ்லி ரசிகர்களில் பெரும்பாலோரின் நம்பிக்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. தஹ்ரீரில் எதிர்த்து நின்றதற்குப் பழிவாங்கப் போலீஸ் திட்டமிட்டே தாக்குதலை நடக்கவிட்டது என்பார்கள். ஒட்டகத் தாக்குதலின் முதலாண்டு நிறைவுக்கு முதல் நாள் இது நடந்தது என்பதைச் சுட்டிக்காட்டுவார்கள். சதி இருந்ததா என்பதைத் தீர்மானிக்க ஒரு தேதிப் பொருத்தம் போதாது. ஆனால் பூட்டிய கதவும் கைகட்டி நின்ற போலீஸும் ஊகங்கள் இல்லை. சதி இல்லாவிட்டாலும் குற்றம் குற்றம்தான்.

சீசனை ரத்து செய்யாமல் பிறகு தொடர்ந்திருக்க முடியாதா?

சில வாரங்கள் அந்தப் பேச்சு இருந்தது. ரசிகர்கள் இல்லாமல் நடத்தலாம் என்றார்கள். ஆனால் பாதுகாப்புக்கு உள்துறை அமைச்சகம் பொறுப்பேற்க வேண்டும், அதுவே குற்றம் சாட்டப்பட்ட தரப்பு. இறந்தவர்களுக்கு நீதி கிடைக்கும் வரை பந்து உருளக் கூடாது என்று அல்ட்ராஸ் நின்றார்கள். சங்கத்தின் தலைமையும் அதற்குள் வெளியேறியிருந்தது. கோப்பைப் போட்டியும் சேர்ந்தே போனது.

மார்ச் மாத இறுதியில் அல் மஸ்ரிக்கு இரண்டு சீசன் தடையும், போர்ட் சயீத் மைதானத்துக்கு மூன்று ஆண்டு மூடலும் அறிவிக்கப்பட்டன. அதை எதிர்த்து ஊர் தெருவுக்கு வந்தது. அந்தக் கலவரத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். 2012–13இல் அல் மஸ்ரி ஆடவில்லை. 2013–14இல் திரும்பியது. ஆனாலும் 'சொந்த மைதான' ஆட்டங்களைப் பல ஆண்டுகள் வேறு ஊர்களில்தான் ஆட வேண்டியிருந்தது.

சலா ஐரோப்பா போனதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சலா அப்போது ஆடிய கிளப்பின் முழுப்பெயர் அல் மொகாவ்லூன் அல் அரப், அதாவது அரபு ஒப்பந்ததாரர்கள். கட்டுமான நிறுவனம் ஒன்றின் அணி. நக்ரீக் கிராமத்திலிருந்து பஸ் மாறி மாறி மணிக்கணக்கில் பயணித்துப் பயிற்சிக்கு வந்துபோன பையனுக்கு அப்போது வயது 19. அதற்கு முந்தைய ஆண்டு அவரை வாங்கும் பேச்சு வந்தபோது, இவர் இன்னும் நிறையப் பாடுபட வேண்டும் என்று சொல்லி ஜமாலெக் தலைவர் ஒதுக்கிவிட்டார். ஜமாலெக் ரசிகர்களிடம் இதை இன்றும் நினைவூட்டிச் சீண்டுவார்கள்.

லீக் நின்றதால் 23 வயதுக்குட்பட்ட எகிப்து அணிக்கு ஆட்டம் வேண்டியிருந்தது. லண்டன் ஒலிம்பிக் வேறு வந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே சலாவைக் கவனித்துவந்த சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப், அந்த அணியை அழைத்து மார்ச் 16 அன்று ஒரு நட்பு ஆட்டம் நடத்தியது. இரண்டாம் பாதியில் இறங்கிய சலா இரண்டு கோல் போட்டார். எகிப்து 4–3 என்று வென்றது. ஏப்ரலில் நான்கு ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு வருடம் கூட ஆகவில்லை, அதே மொகாவ்லூனிலிருந்து முகமது எல்நெனியும் பாசலுக்குப் போனார்.

லீக் நிற்காமல் இருந்திருந்தாலும் சலா போயிருப்பார், ஆள் அப்படி. ஆனால் அந்த வழி, அந்த வாரம், அந்த ஆட்டம் எல்லாம் காலியாகிப்போன நாள்காட்டியால் வந்தவை. போர்ட் சயீதில் தொடங்கிய நூல் ஒன்று லிவர்பூல் வரை நீள்கிறது என்று பெருமையாக எழுதுபவர்களைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் கூசுகிறது.

லீக்கே இல்லாத ஆண்டில் அல் அஹ்லி ஆப்பிரிக்க சாம்பியன் ஆனது எப்படி?

அதுதான் இந்தக் கதையில் நம்பக் கடினமான பகுதி. சம்பவத்துக்குப் பிறகு அபூத்ரிகா, முகமது பரகாத், இமாத் முத்தஇப் மூவரும் இனி ஆடப்போவதில்லை என்று அறிவித்தார்கள். பிறகு மனம் மாறித் திரும்பினார்கள். கோடையில் ஜோசே விடைபெற, ஹுசாம் எல் பத்ரி பயிற்சியாளரானார். லீக் ஆட்டம் இல்லை, வீட்டு மைதானத்தில் ரசிகர் இல்லை. ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் மட்டும் இருந்தது. பிரிவு ஆட்டங்களில் ஜமாலெக், காங்கோவின் மஸெம்பே, கானாவின் பெரெக்கும் செல்சி. அரையிறுதியில் நைஜீரியாவின் சன்ஷைன் ஸ்டார்ஸ். இறுதியில் துனிசியாவின் எஸ்பெரான்ஸ்.

அலெக்சாண்ட்ரியா அருகே புர்ஜ் அல் அரபில் நடந்த முதல் ஆட்டம் 1–1. நவம்பர் 17 அன்று துனிஸ் அருகே ராதெஸ் மைதானத்தில், எதிரணி ரசிகர்களின் கடலுக்கு நடுவே, கெதோவும் வலீத் சுலைமானும் கோல் போட அஹ்லி 2–1 என்று வென்றது. ஏழாவது ஆப்பிரிக்கப் பட்டம். டிசம்பரில் ஜப்பானில் நடந்த கிளப் உலகக் கோப்பையில் ஹிரோஷிமா அணியை வீழ்த்திய வெற்றிக் கோல் அபூத்ரிகாவுடையது.

நடுவில் செப்டம்பரில் ஒரு சோதனை வந்தது. ரசிகர்கள் இல்லாமல் எனப்பி அணியோடு எகிப்து சூப்பர் கோப்பை ஆட்டம் என்று அறிவித்தார்கள். அல்ட்ராஸ் எதிர்த்தார்கள், சங்கத்தின் அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். இறந்தவர்களுக்கு நீதி கிடைக்காமல் ஆட மாட்டேன் என்று அபூத்ரிகா விலகினார். அணி அவரை விட்டுவிட்டு ஆடி 2–1 என்று வென்றது, பின்னர் கிளப் அவரை இடைநீக்கம் செய்து அபராதமும் போட்டது. சக வீரர்கள் சிலருக்கு அவர்மீது வருத்தம் இருந்திருக்கலாம். சம்பளம் நின்றுபோன சிறிய கிளப் வீரர்களும், தெருவில் நின்ற மைதானப் பணியாளர்களும் லீக் திரும்ப வேண்டும் என்று கேட்டதிலும் நியாயம் உண்டு. அபூத்ரிகா செய்ததை வீரம் என்று மட்டும் எழுதிவிட்டால் இவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

வழக்கு என்ன ஆனது?

2013 ஜனவரி 26 அன்று 21 பேருக்கு மரண தண்டனை என்று நீதிமன்றம் அறிவித்தது. கெய்ரோவில் அஹ்லி கிளப் வாசலில் குடும்பங்கள் கட்டிப்பிடித்து அழுதன, ஆரவாரம் செய்தன. அதே மணிநேரத்தில் போர்ட் சயீத் சிறையை முற்றுகையிட்ட கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு. அன்று மட்டும் முப்பது பேரளவில் இறந்தார்கள். தண்டனை பெற்றவர்கள் தலைநகரத்தைச் சாந்தப்படுத்தப் பலி கொடுக்கப்பட்டவர்கள் என்பது அந்த ஊரின் வாதம். இரண்டு நகரங்களும் தங்கள் பிணங்களைத் தனித்தனியாக எண்ணிக்கொண்டிருந்தன.

அதிபர் முர்சி கால்வாய் நகரங்கள் மூன்றிலும் அவசரநிலையும் இரவு ஊரடங்கும் அறிவித்தார். ஊரடங்கு தொடங்கும் ஒன்பது மணிக்குச் சரியாக மக்கள் தெருவில் இறங்கினார்கள். சில தெருக்களில் கால்பந்து ஆடினார்கள். லீக் இல்லாத நாட்டில் அன்று நடந்த ஆட்டங்கள் அவைதான்.

மார்ச் 9 அன்று மீதித் தீர்ப்பு வந்தது. மரண தண்டனைகள் உறுதியாயின. குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது போலீஸ் அதிகாரிகளில் ஏழு பேர் விடுதலை. மாவட்டப் பாதுகாப்புத் தலைவராக இருந்தவருக்கும், மைதானக் கதவுச் சாவிகளுக்குப் பொறுப்பாக இருந்தவருக்கும் தலா 15 ஆண்டுகள். ஏழு பேர் விடுதலையைக் கேட்ட கெய்ரோ ரசிகர்கள் கால்பந்துச் சங்கத்தின் தலைமையகத்துக்குத் தீ வைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, 2020இல், ஆப்பிரிக்கக் கோப்பை உள்ளிட்ட பழைய கோப்பைகள் காணவில்லை என்று சங்கம் விசாரணை தொடங்கியபோது எல்லோருடைய பேச்சும் இந்தத் தீயிடம்தான் திரும்பி வந்தது.

பிறகு மறுவிசாரணை நடந்தது. 2015இல் மரண தண்டனை 11 பேருக்கு என்று குறைந்தது. 2017 பிப்ரவரியில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 10 பேருக்கு அதை உறுதி செய்தது.

2012–13இல் ஏன் இன்னொரு கோடு?

பலமுறை தள்ளிப்போட்டு 2013 பிப்ரவரி தொடக்கத்தில்தான் அந்த சீசன் தொடங்கியது. மஸ்ரி போக மீதி 18 அணிகள், இரண்டு பிரிவுகள், காலி மாடங்கள். ஜூலையில் முர்சி பதவியிறக்கப்பட்டபோது நாட்டின் நிலைமையைக் காரணம் காட்டி அதையும் ரத்து செய்தார்கள். 2013–14இல் 22 அணிகளை இரண்டாகப் பிரித்து, கடைசியில் நான்கு அணிகள் மோத, ஒருவழியாக அல் அஹ்லி 37ஆவது பட்டத்தை எடுத்தது. 36க்கும் 37க்கும் நடுவே மூன்று ஆண்டுகள்.

இதற்கு முன் எகிப்தில் லீக் நின்றதுண்டா?

உண்டு. 1967 போருக்குப் பிறகு சில ஆண்டுகள் லீக்கே இல்லை. 1971–72 சீசன் அஹ்லி–ஜமாலெக் ஆட்டக் கலவரத்தோடு கைவிடப்பட்டது. 1973–74 அக்டோபர் போரால் நின்றது. 1989–90ஐ இத்தாலி உலகக் கோப்பைக்குத் தயாராக வேண்டும் என்று நிறுத்தினார்கள்.

தேசிய அணிக்கு என்ன ஆனது?

அமெரிக்கரான பாப் பிராட்லி அப்போது பயிற்சியாளர். சம்பவத்துக்கு மறுநாள்களில் கெய்ரோவின் ஸ்பிங்க்ஸ் சதுக்கத்தில் மக்களோடு மக்களாக அவரும் மனைவியும் துக்கத்தில் கலந்துகொண்டார்கள், அதனால் எகிப்தியருக்கு அவரைப் பிடித்துப்போனது. ஆனால் லீக் ஆடாத வீரர்களை வைத்து என்ன செய்வது? 2012 ஜூனில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிடம் சொந்த மண்ணில் 2–3 என்று தோற்று 2013 ஆப்பிரிக்கக் கோப்பை வாய்ப்பும் போனது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பிரிவு ஆட்டங்களைச் சிறப்பாகக் கடந்தும், கடைசிப் படியில் கானாவின் குமாசியில் 1–6. அதோடு அந்தக் கதை முடிந்தது. ஒலிம்பிக் அணி மட்டும் லண்டனில் காலிறுதி வரை போனது. பிரிவின் மூன்று ஆட்டங்களிலும் சலா கோல் போட்டார்.

ரசிகர்கள் மைதானத்துக்குத் திரும்பினார்களா?

2015 பிப்ரவரி 8 அன்று லீக் ஆட்டம் ஒன்றுக்கு ரசிகர்களை அனுமதித்தார்கள். ஜமாலெக்–எனப்பி, கெய்ரோவின் வான்பாதுகாப்பு மைதானம். நுழைய ஒடுக்கமான கம்பிக் கூண்டு வழி ஒன்றுதான். நெரிசல், போலீஸின் கண்ணீர்ப்புகை. ஜமாலெக் ரசிகர்கள் சுமார் இருபது பேர் இறந்தார்கள். வெளியே சடலங்கள் கிடக்க உள்ளே ஆட்டம் நடந்தது. மறுபடியும் தடை. அல்ட்ராஸ் அமைப்புகளை நீதிமன்றம் தடை செய்தது. 2018இல் இரு கிளப்பின் அல்ட்ராஸும் தாங்களே கலைந்துவிட்டதாக அறிவித்தார்கள். அதன் பிறகே, அதுவும் எண்ணிக்கை வரம்போடு, மாடங்கள் மெதுவாக நிரம்பத் தொடங்கின.

அபூத்ரிகாவைப் பற்றி இன்னும் பேசுகிறார்களா?

2013இல் ஓய்வு பெற்றார். முர்சி ஆதரவாளர் என்ற பெயரால் அரசின் பயங்கரவாதப் பட்டியலில் 2017இல் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. கத்தாரில் தங்கி, தொலைக்காட்சியில் விமர்சகராக வேலை பார்த்தார். 2019இல் ஆப்பிரிக்கக் கோப்பை எகிப்திலேயே நடந்தபோது அவரால் வர முடியவில்லை. அவருடைய ஜெர்சி எண் 22. எகிப்து ஆடிய ஆட்டங்களில் கடிகாரம் 22ஆவது நிமிடத்தைத் தொட்டதும், கெய்ரோ மைதானத்தின் மாடங்களிலிருந்து அவர் பெயர் எழுந்தது.